ஹெலன் அக்கா தேடிய பாலம்

ஹெலன் அக்காவுக்கு பிரான்சு தேசத்தில் நூற்றுப்பதினோரு ஊர் தெரியும். ஆனால் கவரப்பேட்டையில் ரயிலேறினால் கும்மிடிப்பூண்டியில் இறங்குவதோடு சரி, அதே லைனில் இருக்கும் சூலூர்பேட்டையைக்கூடப் பார்த்ததில்லை. ஏழு வருஷமாக அவர் பக்கத்தில் நின்று குப்பை பிரிக்கிற நான் இதற்குச் சாட்சி.

எங்கள் அட்டை மில்லுக்கு வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் கட்டுக் கட்டாக வரும். கட்டின் கம்பியை வெட்டி, ஓடும் பெல்ட்டில் கொட்டுவார்கள். அதிலிருக்கும் பிளாஸ்டிக்கையும் துணியையும் பொறுக்கி எடுப்பது எங்கள் வேலை. பிரான்சுக் கட்டு வந்தால் அக்கா பெல்ட்டின் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்வார். படம் போட்ட தபால் கார்டு கிடைத்தால் முந்தானையில் துடைத்து சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொள்வார். இரும்புக் கோபுரம், கோட்டை, பனிமலை, ஊதாப்பூ வயல், கடலுக்குள் நிற்கும் மாதா கோயில். சூப்பர்வைசர் வீரராகவன் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார்.

அழகுக்காகச் சேர்க்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். அழகாவது மண்ணாவது.

எட்வர்ட் அவருக்கு ஒரே பிள்ளை. வெல்டர். நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஏஜென்ட் மூலம் பிரான்சுக்குக் கிளம்பினான். ஏர்போர்ட்டிலிருந்து, "ஏறப்போறேம்மா" என்று பேசினான். மூன்றாம் நாள் ஏஜென்டின் நம்பரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. ஆற்றின்மேல் மூன்று வளைவுள்ள கல்பாலம், பின்னால் ஊசிக் கோபுரத்தோடு ஒரு கோயில், முன்னால் சிரித்துக்கொண்டு எட்வர்ட். அதன்பின் இரண்டு போனும் அடங்கிவிட்டன. கிணற்றில் போட்ட கல்தான். ஏஜென்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை.

திருவள்ளூரில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் அக்காவோடு நானும் போனேன். "பிரான்சுன்னா எந்த ஊரும்மா? ஊரு பேரு இல்லாம எங்கன்னு தேடுவாங்க?" என்று பேனாவை மூடிவிட்டார். என் மகள் பூமிகா அந்தப் போட்டோவை போனில் போட்டுத் தேடினாள். அது நூறு பாலம் காட்டியது, இந்தப் பாலத்தைக் காட்டவில்லை.

கார்டுகளின் பின்பக்கம் ஊர்ப்பெயர் அச்சடித்திருக்கும். அந்தப் பாலம் போட்ட கார்டு ஒன்று வந்தால் போதும், மனுவில் ஊரை எழுதிவிடலாம். அக்கா கார்டு சேர்த்தது அதற்காகத்தான்.

கிடைத்த மற்ற கார்டுகளையும் அவர் வீணாக்கவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்த வாரத்து ஊரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். போதகர் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டித் தடுமாறி வாசிக்க, சபை முழுக்க அந்த ஊருக்காக முழங்காலில் நிற்கும். எட்வர்ட் ஒருவேளை அங்கே இருந்தால் உதவுமாம்.

"இன்னாக்கா, ஆண்டவர இப்டி ஊரு ஊரா அலைய உடுற?" என்று கேலி செய்வேன்.

"அவருக்கு இன்னாடி குணா, காலா வலிக்கப்போவுது?" என்பார்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று மில்லில் எல்லாரும் சொன்னோம். வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு அம்மாவை மறந்திருப்பான் என்று அவர் காதுபடச் சொன்னவள் நான். இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அந்தக் கார்டு என் கையில்தான் சிக்கியது. மூன்று வளைவு, ஊசிக் கோபுரம். "யக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பெல்ட்டையே நிறுத்திவிட்டார்கள். வீரராகவன் ஓடிவந்து பின்பக்கத்து ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். பெண்கள் கைதட்டினார்கள். அக்கா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அழுதபடி, பிரிண்ட் போட்டு ஐடி கார்டு உறையில் வைத்திருந்த எட்வர்டின் போட்டோவை எடுத்து கார்டின் பக்கத்தில் பிடித்தார்.

அதே பாலம். பாலத்தின்மேல் அதே சிவப்புக் குடைக்காரி. தண்ணீரில் அதே இரண்டு வாத்து. கோபுரத்துக்கு மேலே வால் பிய்ந்த அதே மேகம். எட்வர்ட் நின்ற இடத்தில் மட்டும் கார்டில் ஒரு காலி பெஞ்சு இருந்தது. கார்டின் பின்னால் யாரோ பேனாவால் போட்டிருந்த வருஷம் 1987. எட்வர்ட் பிறந்ததே தொண்ணூற்றெட்டில்.

"ஹெலனம்மா," என்றார் வீரராகவன், குரல் இறங்கிப்போய். "இதே படத்துல உன் புள்ளய வெட்டி ஒட்டிக்கீறானுங்கம்மா."

கைதட்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா மகனின் காலடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். அங்கே அவனுக்கு நிழலே இல்லை. நாலு வருஷம் அந்தப் போட்டோவை நாங்கள் எத்தனை தடவை கையில் வாங்கிப் பார்த்திருப்போம்! எல்லாரும் பாலத்தைத்தான் பார்த்தோம்.

"அப்போ எம்புள்ள அங்க போவவே இல்லயா, குணா?"

நான் அந்த ஏஜென்டை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். வழக்கமான இடத்துக்குப் போகாமல், கொட்டகையில் கூரைவரை அடுக்கியிருந்த கட்டுகளின் முன்னால் நின்றார். இத்தாலி, போலந்து, துபாய், இன்னும் பெயர் தெரியாத தேசங்கள். நான் போய்க் கையைப் பிடித்ததும் திரும்பினார்.

"குணா, இனிமே எந்த நாட்டுக் கட்டுலடி தேடறது?"