வார்னிஷ் வாசமடித்த டீயும் மாணிக்கம் அண்ணனும்

மாணிக்கம் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, ஈப்போவில், மகள் வீட்டில். பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். இரண்டாவது நிமிடமே ஒருவர் கேட்கிறார்... "யாரு, குதிர டீ மாணிக்கமா?"

ஆமாம், அவரேதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசி, கேமரன் மலை. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் அவர். சேகர் ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி, பிளான் வரைவதில் கெட்டிக்காரர். நான் சரசு, தூள் சலிக்கும் இடத்தில் வேலை, படம் வரையும் கிறுக்கு, கையில் எப்போதும் பெயிண்ட் கறை.

பழைய கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. வேலை முடிந்தால் மூன்று பேரும் அங்கேதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குக் கூரை, பள்ளிக்கூடத்துக்கு மேடை, தண்ணீர்த் தொட்டி... எதுவானாலும் சேகர் முதலில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைவார். அண்ணன் அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இது நிக்காது லா" என்பார். சேகர் முணுமுணுத்துக்கொண்டே அழித்துவிட்டு மறுபடி வரைவார். நான் ஓரத்தில் பூப் போடுவேன், இரண்டு பேரும் என்னைத் திட்டுவார்கள்.

"ஸ்டூடியோ" என்று நானே ஒரு போர்டு எழுதி மாட்டினேன். அடுத்த வாரமே கோலா தெர்லாவிலிருந்து ஓர் அம்மா பிள்ளைக்குப் பவுடர் பூசித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், போட்டோ பிடிக்க. வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. பிள்ளையைப் பென்சிலில் வரைந்து கொடுத்தேன்.

அப்புறம்தான் தேர்.

ஒரு வருஷம் மாரியம்மன் திருவிழாவில் வாடகைத் தேர் இறக்கத்தில் நழுவிக் கால்வாயில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை, அம்மன் புண்ணியம். ஆனால் மேனேஜர் துரை சொல்லிவிட்டார்... நல்ல பிரேக் இல்லாமல் இனித் தோட்டத்து ரோட்டில் தேர் கிடையாது.

அடுத்த வருஷத்துக்கு நாங்களே கட்டினோம். கவிழாதபடி அகலமாக, தாழ்வாக வரைந்தார் சேகர். பழைய லோரியின் பிரேக்கைக் கழற்றிப் பொருத்தினார் அண்ணன். என் பங்கு, முன்னால் பாயும் இரண்டு மரக் குதிரைகள். வெள்ளைப் பெயிண்ட், மேலே வார்னிஷ்.

நம் மலைப் பனியைப் பற்றித்தான் தெரியுமே. நாலு நாளாகியும் வார்னிஷ் காயவில்லை, தொட்டால் விரலோடு வருகிறது. திருவிழாவுக்கு இரண்டே நாள். உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அண்ணே, கொழுந்து வாட்டுற மாடியில சூடு காத்து வருதுல்ல... ஒரு ராத்திரி வெச்சி எடுத்துருவோம்ண்ணே."

"ஒனக்குக் கிறுக்கா புள்ள? கொழுந்து பக்கத்துல வார்னிஷா?"

தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு பேக்டரிக்குள் போனாலே எங்களுக்குத் திட்டு விழும். மூன்று பேருக்கும் இது தெரியும். ஆனால் மூன்று பேருக்கும் குதிரையும் வேண்டுமே.

சேகர் காற்று போகும் வழியைத் தரையில் வரைந்தார். கொழுந்தைத் தாண்டிக் காற்று வெளியேறும் கடைசி ஜன்னல் பக்கம் வைத்தால் வாசமும் வெளியே போய்விடும்... கணக்கு சரியாகத்தான் இருந்தது. அண்ணன் மனசு இளகட்டும் என்று நான் கண்ணைத் துடைக்கவில்லை. சாயங்காலம் அண்ணன் செயின் பிளாக் போட்டு இரண்டு குதிரைகளையும் மேலே ஏற்றினார்.

கொழுந்து ரொம்ப ஈரமாக இருந்தால் சூடு காற்று அடிக்கும் காத்தாடியை எதிர்ப்பக்கம் திருப்பி ஓட்டுவார்கள். அந்த சுவிட்சைப் பொருத்தியவரே அண்ணன்தான். அதைத்தான் மூன்று மேதைகளும் மறந்துபோனோம். அன்று ராத்திரி காற்றைத் திருப்பிவிட்டார்கள், வார்னிஷ் வாசம் முழுக்கக் கொழுந்து மேலே.

காலையில் குதிரைகள் பளபளவென்று காய்ந்திருந்தன. மத்தியானம் அந்தத் தூளை ருசி பார்த்த துரை வாயில் இருந்ததைத் துப்பினார்.

அண்ணனைக் கூப்பிட்டார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போகும். அவருக்கு நாலு பிள்ளைகள், கடைசிக்கு இன்னும் நடை வரவில்லை. நானும் சேகரும் ஆபீஸ் வாசலில் நின்றோம்.

"குதிரைய யாரு மேல ஏத்துனது?"

"நாந்தாங்க தொர."

"யாரு சொல்லி ஏத்துன?"

அண்ணன் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லலங்க. எனக்கே தோணுச்சி."

சேகர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது, நான் உள்ளே போகவில்லை.

துரை கத்தித் தீர்த்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. பேக்டரி மிஷின்கள் அண்ணன் கைக்குத்தான் அடங்கும் என்பது அவருக்கும் தெரியும். தூளை விற்க முடியாது, மாசா மாசம் ஆட்களுக்குக் கொடுக்கும் டீத்தூளாக இதையே கொடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

மாதக்கணக்கில் அத்தனை லைனும் வார்னிஷ் டீ குடித்தது. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு காப்பித்தூள் வாங்கக் கம்போங் ராஜா டவுன் வரை போனவர்களும் உண்டு. குழாயடியில் அண்ணனைக் கண்டால் குதிரை மாதிரி கனைப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார்.

ஆனால் தேர்... அது இறங்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் பின்னால் நின்று பிரேக்கைப் பிடித்தபடி வந்தார். வளைவில் துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தேர் மெல்லத் திரும்பி, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அவர் முன்னால் நின்றது. அவரும் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் கால் தரையில் பாவவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். "அண்ணே, அன்னிக்கி நானும் உள்ள வந்திருக்கணும்ண்ணே" என்றேன்.

"வந்து? ரெண்டு பேரும் சேந்து திட்டு வாங்கிருப்போம். பாயசத்தக் குடி, ஆறுது."

அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

நம் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் படியுங்கள். மாடியில் வைக்கலாம் என்று அழுது கேட்டது நான். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார். சேகரும் கடைசிவரை வெளியே சொல்லவில்லை, அவரும் இப்போது இல்லை.

நாளை ஈப்போவுக்கு வருகிறேன் அண்ணே. உங்கள் நாலு பிள்ளைகளிடமும் நேரில் சொல்லிவிடுகிறேன்.

போய் வாங்க.