சந்தனம் பூசிய ஒளிக்காவல்: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு காலைப் பயணம்

சென்ற விஜயதசமியன்று காலை, இரண்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு, கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் அல்ல, ரயிலில் போவது என்று தீர்மானித்தேன். முடிவை முதலில் வீட்டாருக்கும் பின்னர் சந்தியில் மரக்கறி விற்பவருக்கும் அறிவித்தேன். இரு தரப்பும் அதை அமைதியாக ஏற்றுக்கொண்டன. காலி வீதியில் புறப்படும் பஸ் எப்போது கோட்டைக்குப் போய்ச் சேரும் என்று ஜோதிடர்கூடச் சொல்லமாட்டார். ரயில் தாமதித்தாலும் கடலையாவது காட்டும்.

போனது ஒரு இயந்திரத்தைப் பார்க்க. நுழைவுச்சீட்டு இல்லாத இடங்களைப் பற்றி மட்டுமே இந்த வலைப்பூவில் எழுதுகிறேன் என்பது வாசகர்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெனடிக்ட், துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். மூன்று கண்டுபிடிப்புகளுக்கு ஆக்கவுரிமை எடுத்தவர். முதலாவது, ரப்பர் செருப்பில் வாருக்குத் துளையிடும் இயந்திரம். இரண்டாவது, வெட்டி மிஞ்சிய ரப்பரை மறுபடி தகடாக்கும் முறை. இரண்டையும் சுற்றுவட்டாரத்துப் பட்டறைகள் எல்லாம் பயன்படுத்துகின்றன. ஒருவரும் விலைக்கு வாங்கவில்லை. மூன்றாவதை மட்டும் யாருமே திருடவில்லை. அது அவருக்குப் பெரிய கவலை.

மூன்றாவதன் பெயர் ஒளிக்காவல். செருப்பின் அடியை வெட்டும் அழுத்த இயந்திரத்தில் ரப்பர் தகட்டைக் கையால்தான் தள்ளவேண்டும். அதன் வாயின் இருபுறமும் இரண்டு இரும்புக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் காசு அளவில் ஒரு கண்ணாடி. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும். நடுவே கை வந்தால் இயந்திரம் இறங்காது. அவ்வளவுதான். ஒரு செருப்புப் பட்டறையில் அதை ஒரு மாதம் இலவசமாகப் பூட்டியிருந்தார். நான் போன நாளோடு மாதம் முடிகிறது. வைத்துக்கொள்வதா, கழற்றுவதா என்று முதலாளி அன்று சொல்லவேண்டும். அந்த இயந்திரத்தில் நிற்பவர் செல்வராணி, ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். அவருக்கு முன் அங்கே நின்ற பெண் இரண்டு விரல்களை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு மூன்றாம் வகுப்பு நாற்பது ரூபாய், சுமார் இருபத்தைந்து நிமிடம். கடல் இடப்பக்கம். அன்று அது சாம்பல் நிறத்தில், யாருக்கோ கடமைக்கு வந்ததுபோல் கிடந்தது. கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவுக்கு அறுநூறு கேட்டார்கள், ஐந்நூறுக்கு இணங்கினார்கள். தூரம் மூன்று கிலோமீற்றர்தான். ஓட்டோவின் முன்விளக்கில் தடித்த சந்தனப் பொட்டு இருந்தது. சாரதி ஒரு முஸ்லிம் இளைஞர்.

“நான் வெக்கல்ல சேர். ராவைக்கு கோயிலடியில பார்க் பண்றது. பூசை செய்யக்கொள்ள அவங்க எனக்கும் சேத்து வெச்சிட்டாங்க.”

“அழிக்கவில்லையா?”

“அழிச்சா மனசு நோகும் சேர். இரிந்தா லைட் மங்கல். பகல்ல தானே ஓடுறது.”

பட்டறை, கொள்கலன் லொறிகள் திரும்பும் வீதிக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கையில். காலை பத்து மணிக்கு நான் நுழைந்தபோது ஆயுத பூசையின் பூமாலைகள் இன்னும் வாடவில்லை. எல்லா இயந்திரங்களிலும் பொட்டு, எலுமிச்சம்பழம். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர.

“வாங்கோ,” என்றார் முதலாளி. “பெனடிக்ட் அண்ணையின்ட மெசினைப் பாக்க வந்தனீங்களோ? நல்லாப் பாருங்கோ. லீவில நிக்குது.”

பெனடிக்ட் குனிந்து கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணாடிகளிலும் சந்தனம் அப்பி, நடுவே குங்குமம் வைத்து, வெகு அழகாக இருந்தது.

“யார் பிள்ளை இதுக்குப் போய் வச்சது?”

“நான்தாங்க ஐயா,” என்றார் செல்வராணி. “என் கையக் காப்பாத்துறது அதுதானுங்களே. அதுக்கு மொதல்ல வைக்காம வேற எதுக்கு வைக்கிறது? தண்ணி தெளிச்சு நல்லா அழுத்தித்தான் வச்சேன்.”

கத்தோலிக்கரான பெனடிக்ட் தன் வடிவமைப்பில் தூசி, எண்ணெய், ஈரம், எலி எல்லாவற்றையும் எதிர்பார்த்திருந்தார். நன்றியை எதிர்பார்க்கவில்லை.

துடைத்தார். கண்ணாடிக்குப் பின்னாலும் சந்தனம் கரைந்து இறங்கிக் காய்ந்திருந்தது. “வீட்ட கொண்டுபோய்க் கழட்டித்தான் கழுவோணும். ரெண்டு மணித்தியாலம். அதுவரைக்கும் இதை ஓட்டப்படாது.”

“அண்ணை, இண்டைக்குப் பின்னேரம் ஹெந்தளைக்குச் செருப்பு லொறி போகோணும். இது பழுதாப் போச்செண்டு சொல்லுங்கோவன்.”

“பழுதில்லை. வெளிச்சம் வராட்டி நிப்பாட்டும். அதுதான் இதின்ட வேலை. அதுக்குத்தான் பேட்டன்ட் தந்தவங்கள்.”

“நிக்கிறதுக்கு பேட்டன்ட் எடுத்த மனுசனை இண்டைக்குத்தான் பாக்கிறன்,” என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். செல்வராணியும் சிரித்தார், பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“நான் வரும்வரைக்கும் தொடாதேங்கோ.”

“ஓம் ஓம், நீங்க போட்டு வாங்கோ.”

பெனடிக்டோடு நானும் அவர் வீட்டுக்கு நடந்தேன். பத்து நிமிட நடை. வழியில் ஒரு கோவில், ஒரு தேவாலயம், மூன்று நகை அடகுக் கடைகள். பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு கண்ணாடியைக் கழுவினார். சுவரில் மூன்று ஆக்கவுரிமைச் சான்றிதழ்களும் சட்டம் போட்டுத் தொங்கின. அடுத்த வடிவத்துக்கு மூடி வைப்பதா என்று தனக்குள் கேட்டு, “மூடினா மூடியில வைப்பினம்,” என்று தானே பதில் சொல்லிக்கொண்டார். சொன்ன இரண்டு மணித்தியாலம் முடிவதற்குள் வேலை முடிந்தது.

திரும்பியபோது ஒழுங்கை வாசலில் ஆட்கள் நின்றார்கள். இயந்திரத்தின் பக்கத்தில், ஒளிக்காவலுக்குப் போகும் இரண்டு வயர்கள் நேரே முறுக்கி இணைக்கப்பட்டிருந்தன. செல்வராணியை ஏற்றிக்கொண்டு ஓட்டோ பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தது. முதலாளி ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார்.

“அண்ணை, உங்கட சாமான் காலமை நிக்காட்டி இது நடந்திராது,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார். பெனடிக்ட் கழுவிய கண்ணாடிகளைக் கைலேஞ்சியில் சுற்றியபடி பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு மாதம் கழித்து விசாரித்தேன். செல்வராணியின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. ஹட்டனுக்குத் திரும்பிவிட்டார். பெனடிக்டின் ஆக்கவுரிமை செல்லுபடியாகிறது. சட்டம் அவருடைய யோசனையைத் திருடர்களிடமிருந்து இன்னும் பல வருடங்களுக்குக் காப்பாற்றும். சட்டத்துக்கு இதைவிடச் சுலபமான வேலை வாய்த்திருக்காது. கடவுள், கருவி, முதலாளி என மூன்று தரப்பிடமும் ஒரே நேரத்தில் பாதுகாப்புக் கேட்டு நிற்பவரை எது கைவிடும் என்று நான் அதிகம் யோசித்துப் பார்த்தேன். கருவி கைவிடவில்லை என்று மட்டும் சொல்ல முடிகிறது.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் அலுவலக நெரிசல் தணிந்த பிறகு ரயில் எடுங்கள், இருக்கை கிடைக்கும். கோட்டையில் வாசலோரம் நிற்கும் ஓட்டோவைத் தவிர்த்துக் கொஞ்சம் நடந்து பிடித்தால் நூறு ரூபாய் குறையும். ஒழுங்கைகளில் வாகனம் நுழையாது, மழை நாளில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். பட்டறைகளுக்குள் போகும்போது முதலாளியிடம் முன்கூட்டியே கேளுங்கள், படம் எடுக்க விடமாட்டார்கள். மதியச் சாப்பாடு தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கச் சைவக் கடையில் நன்றாக இருக்கும். நான் அன்று சாப்பிடவில்லை.

ஒளிக்காவலை முதலாளி திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த இயந்திரத்தில் இப்போது செல்வராணியின் தங்கை வேலை செய்கிறார்.