எக்ஸ்ரேக்காரர் பார்த்த டிராக்டர்கள்

அவருக்கு ஊரில் எக்ஸ்ரேக்காரர் என்று பெயர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. காரணம், மனிதர் எதையும் உள்ளே பார்க்காமல் நம்ப மாட்டார். பூசணிக்காய் வாங்கினாலும் தட்டிப் பார்ப்பார், காம்பைக் கிள்ளிப் பார்ப்பார், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பூசணிக்காயை வெயிலில் பிடித்தால் என்ன தெரியும் என்று கடைக்காரர் கேட்டால், "உங்களுக்குத் தெரியாது" என்பார்.

ஒரு முறை வீட்டுக்கு மின்விசிறி வாங்கக் கிளம்பினார். அவர் முடிவுக்கு வருவதற்குள் கோடை போய் மழை வந்துவிட்டது. மழையில் விசிறி எதற்கு என்று அந்த வருஷம் வாங்கவே இல்லை. இதற்கு அவர் சிக்கனம் என்று பெயர் வைத்தார். அவர் மனைவி வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

மனைவி தையல் கடை நடத்தியவர். அவருக்குப் பிறந்த வீட்டுப் பங்காக மூன்று ஏக்கர் வந்தது. ஒரு பாதி எலுமிச்சை, மறு பாதி காய்கறி. கணவருக்கு ஓய்வு கிடைத்ததும் கடையை மூடிவிட்டு இருவரும் அங்கேயே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பியின் நிலம். தம்பியிடம் யானை மாதிரி ஒரு பெரிய டிராக்டர் இருந்தது. காய்கறி நிலத்தை அது உழுதுவிடும். எலுமிச்சை வரிசைகளுக்குள் அதன் மூக்குகூட நுழையாது. உள்ளே களை இடுப்பளவு வளர்ந்து நிற்கும். காய்கறி நிலத்துக்காவது ஒழுங்காக வருமா என்றால் அதுவும் கிடையாது. "நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்க்கா" என்பான் தம்பி. அவனுடைய நாளை, மண்ணில் ஈரம் காய்ந்த பிறகுதான் விடியும்.

ஒரு நாள் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, நமக்குன்னு சின்னதா ஒரு டிராக்டர் வாங்கிடலாம். மரத்துக்கு நடுவுல போற மாதிரி."

"வாங்கலாம்" என்றார் எக்ஸ்ரேக்காரர். "ஆனா பார்த்து வாங்கணும்."

அந்தப் 'பார்த்து' என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மாள் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. "சரி, நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டார். தன் வாழ்நாளில் சொன்ன வார்த்தைகளில் எதையாவது திருப்பி வாங்க முடியுமென்றால் இதைத்தான் வாங்குவேன் என்று பிற்பாடு பலரிடமும் சொல்லியிருக்கிறார்.

டவுனில் டிராக்டர் ஷோரூம் ஒன்று இருந்தது. முன்பக்கம் கண்ணாடி, உள்ளே வரிசையாகச் சிவப்பும் நீலமும் பச்சையுமாய் வண்டிகள், மூலையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் விற்பனையாளர். எக்ஸ்ரேக்காரர் முதல் நாள் கையில் டார்ச் லைட்டோடு போனார். விற்பனையாளர் குதிரைத்திறன், நாலு சக்கர இழுவை, தூக்கும் திறன் என்று மனப்பாடமாக ஒப்பித்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எக்ஸ்ரேக்காரர், "கியர் பாக்ஸைத் திறந்து காட்டுங்க" என்றார்.

"சார், அதையெல்லாம் திறக்க முடியாது. கம்பெனி சீல்."

"மனுசனையே திறக்காம உள்ள பார்த்திருக்கேன். உங்களால ஒரு பெட்டியைத் திறந்து காட்ட முடியலையா?"

விற்பனையாளர் சின்ன வயதில் கை ஒடிந்து அவரிடமே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர். 'மூச்சைப் பிடி, அசையாதே' என்ற அந்தக் குரல் அவருக்கு இன்னும் நினைவிருந்தது. எதிர்த்துப் பேசாமல் விளக்கப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். எக்ஸ்ரேக்காரர் அதை அங்கேயே உட்கார்ந்து முழுக்கப் படித்தார். அதில் இரண்டு இடத்தில் அச்சுப்பிழை இருந்ததால், வண்டியிலும் இருக்கலாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுத்து, வரிசைக்குள் எந்த அகலமுள்ள வண்டி போகும் என்று தெரிய வேண்டுமே. வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. அதன் அகலமும் அவர் மனதில் வைத்திருந்த ஒரு வண்டியின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எலுமிச்சை மரங்களுக்கு நடுவே போனார், வந்தார், வரிசை முடிவில் திரும்பினார். இடித்த இடங்களில் நின்று யோசித்தார். வேலியோரம் வந்த தம்பி கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, கட்டிலை உழ விட்டுட்டீங்களா?"

"அளவு பார்க்கிறேன்."

"படுத்துப் பார்க்கலாமே!"

அக்கா வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தம்பியைத் திட்டுவதா கணவரைத் திட்டுவதா என்று தெரியாமல் வெங்காயத்தை நறுக்கினார்.

இப்படியே ஒரு உழவுக் காலம் போனது. எக்ஸ்ரேக்காரர் ஷோரூமுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. காலையில் குளித்துச் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் மாதிரி கிளம்பிவிடுவார். எந்த வண்டியில் பின்பக்கம் எவ்வளவு கனம், எதற்கு உதிரிபாகம் சீக்கிரம் கிடைக்கும், எது மேட்டில் ஏறும்போது திணறும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் வந்துவிட்டது. விற்பனையாளரே சந்தேகம் வந்தால் அவர் முகத்தைப் பார்ப்பார்.

வண்டி பார்க்க வந்த விவசாயிகளும் கவனித்தார்கள். விற்பனையாளர் எல்லா வண்டியையும் நல்ல வண்டி என்கிறார். இந்த மனிதரோ எல்லாவற்றிலும் குறை சொல்கிறார். அப்படியானால் இவர் சொல்வதுதான் உண்மையாக இருக்கும். "ஐயா, எனக்கு எது சரியா வரும்?" என்று அவரிடமே கேட்கத் தொடங்கினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், மற்றவர்களுக்கு என்றால் அவர் நொடியில் சொல்லிவிடுவார். "எவ்வளவு நிலம்? என்ன மண்ணு? களிமண்ணா? அப்ப அந்த நீல வண்டி. யோசிக்காதீங்க, யோசிச்சா ஈரம் போயிடும்."

யோசிச்சா ஈரம் போயிடும்! இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

அவர் கைகாட்டிய வண்டிகள் எல்லாம் நன்றாகவே ஓடின. அதைச் சொல்லியாக வேண்டும். ஷோரூம் முதலாளி அவருக்கென்று கைவைத்த நாற்காலி ஒன்று போட்டார். வேளாவேளைக்கு டீ வந்தது. ஊரில் பாதிப் பேர் வீட்டில் அவர் பார்த்துச் சொன்ன வண்டி நின்றது. அவர் வீட்டில் கட்டில்தான் நின்றது.

இதில் உச்சம், அவருடைய மைத்துனனே ஒரு நாள் ஷோரூமுக்கு வந்ததுதான்.

"மாமா, இப்ப எல்லாரும் சின்ன வண்டிதான் வாடகைக்குக் கேக்கறாங்க. நீங்களே ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க."

மாமா பார்த்துச் சொன்னார். மறுவாரமே அந்தப் பச்சை வண்டி அக்காவின் எலுமிச்சைத் தோட்டத்துக்குள் வாடகைக்கு உழ வந்தது. வரிசைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். அன்று சாப்பாட்டு வேளையில் தட்டை வைத்த சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

"ஊர்க்காரங்க எல்லாருக்கும் பொண்ணு பார்த்துக் குடுத்தாச்சு. நம்ம வீட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் இன்னும் ஜாதகம் பொருந்தலையா?"

"உன் தம்பிக்கு அந்த வண்டி போதும். நமக்கு இன்னும் கொஞ்சம் நல்லதாப் பார்க்கலாம்னுதான்..."

"நம்ம நிலமும் அவன் நிலமும் ஒரே நிலத்தோட ரெண்டு துண்டுங்க!"

எக்ஸ்ரேக்காரர் மோர் கேட்டார்.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். மாத்திரை போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிட்டார். அவர் தூங்கியதும் அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். ஷோரூமில் நுழைந்தவர் எந்த வண்டிக்கு என்ன திறன் என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துப் பார்த்தார். பாதி வண்டிகளில் கால் எட்டவில்லை. எட்டியவற்றில் ஒன்றில் இருக்கை மெத்தென்று இருந்தது.

"இதை ரிப்பேர் பார்க்கிறவர் வீடு எங்க?"

"பஸ் ஸ்டாண்டு பின்னாடிதாங்க."

"சரி, இதையே குடுங்க."

விற்பனையாளருக்கு வியர்த்துவிட்டது. "அம்மா, இது... சார் முதல் வாரமே வேண்டாம்னு சொன்ன வண்டி. முன்பக்கம் கனம் பத்தாதுன்னார். முன்னால மாட்ட இரும்பு எடைக்கட்டி இருக்கு, அதையாவது சேர்த்து வாங்கிக்குங்க."

"இரும்புக் கட்டிக்குத் தனியா எதுக்குப் பணம்? வண்டியே இரும்புதானே."

வண்டி வீட்டு வாசலில் வந்து இறங்கிய சத்தத்தில் எக்ஸ்ரேக்காரருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. போர்வையோடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. பல மாதம் வரைந்துகொண்டிருந்த படத்தின் மேல் யாரோ சட்டென்று கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது. அந்தப் பக்கமே திரும்பாமல் சில வாரம் நடமாடினார். வாசலில் நிற்கும் வண்டியைச் சுற்றிக்கொண்டு போவதற்காகப் பின்வாசல் வழியாகவே போனார், வந்தார்.

அந்த அம்மாளோ தம்பியிடம் ஓட்டக் கற்றுக்கொண்டார். தையல் மெஷினில் பழகிய கால், கிளட்ச்சுக்கு நன்றாகவே படிந்தது. ஆனால் வண்டி வரிசை முடிவில் திரும்ப மறுத்தது. முன்னே பின்னே எடுத்து, மறுபடி முன்னே பின்னே எடுத்து, கடைசியில் வரிசைக் கோடியில் இருந்த நான்கு மரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் எக்ஸ்ரேக்காரர் வாயைத் திறந்தார். "திரும்பாதுன்னு எனக்குத் தெரியும்."

"நீங்கதானே கட்டிலை வெச்சு அளந்தீங்க? கட்டில் திரும்புச்சே!"

"அது வேற வண்டிக்கு அளந்தது."

"மரம் நாலுதாங்க போச்சு. உங்களால எத்தனை உழவு போச்சு?"

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதனால் பேச்சு மேலே போகவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. காய்கறி நிலத்தை உழுது முடித்து, பின்னால் மாட்டியிருந்த, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை உயரத் தூக்கிக்கொண்டு, அந்த அம்மாள் வரப்பு மேட்டில் வண்டியை ஏற்றினார். முன்சக்கரங்கள் மெல்லத் தரையை விட்டு எழும்பின. வண்டி கும்பிடுகிறதா மல்லாக்க விழப் போகிறதா என்று தெரியவில்லை. பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த எக்ஸ்ரேக்காரர் வாயில் நுரையோடு ஓடிவந்தார்.

"கிளட்ச்சை மிதி! பின்னால தூக்கினதை இறக்கு! மெதுவா இறக்கு!"

அந்த அம்மாள் இறக்கினார். முன்சக்கரங்கள் தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தன.

"அப்படியே வண்டியைப் பின்னால இறக்கு. இப்பத் திருப்பி ரிவர்ஸ்ல ஏறு. பின்பக்கமா ஏறினா தூக்காது."

அப்படியே ஏறியது. அதுவரை ஒரு டிராக்டரைக்கூட ஓட்டியிராத மனிதர் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தது. அந்த அம்மாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவந்து வரப்பில் உட்கார்ந்தார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேனே..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டையை மாட்டினார். மத்தியானத்துக்குள் எடைக்கட்டிகளோடு திரும்பிவந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கியிருந்தார். இரும்புக் கட்டிக்கு உள்ளே என்ன இருக்கப் போகிறது, இரும்புதான்.

ஆனால் அன்றோடு அவருடைய நாற்காலிக்கு ஆபத்து வந்தது. அவர் வீட்டில் வண்டி இல்லாத வரைக்கும் அவர் பொதுவான மனிதர். இப்போது வீட்டில் வண்டி வந்துவிட்டதே! அவர் அதே வண்டியைச் சிபாரிசு செய்தால், "தன் வண்டியைப் பெருமை பேசறார்" என்றார்கள். வேறொன்றைச் சொன்னால், "அவ்வளவு நல்லதா இருந்தா அவர் ஏன் வாங்கலை?" என்றார்கள். யோசனை கேட்க வருகிறவர்கள் குறைந்தார்கள். டீ வருவதும் குறைந்தது. யோசனை வேண்டியவர்கள் நேராகத் தோட்டத்துக்கே வந்து அந்த அம்மாளைக் கேட்டார்கள். "ஏறி உக்காருங்க. கால் எட்டுதா பாருங்க" என்று அவர் சொல்லி அனுப்பினார். அப்படி வாங்கியவர்களின் வண்டிகளும் ஓடத்தான் செய்தன. இதுதான் எக்ஸ்ரேக்காரரை மிகவும் வருத்தியது.

ஷோரூமுக்குப் போவதை அவர் தானாகவே விட்டுவிட்டார். காலைப்பொழுது காலியாகக் கிடந்தது. வரிசைக்குள் தாழ்ந்து தொங்கும் கிளைகள் வண்டி ஓட்டுகிறவரின் முகத்தில் அடித்ததால், அவற்றைக் கழிக்கும் வேலையை மனைவி அவரிடம் கொடுத்தார். கத்தரியோடு ஒரு மரத்தின் முன் நின்றால் நின்றதுதான். எந்தக் கிளை காய்க்கும், எது வெறும் முள், வெட்டினால் வெளிச்சம் எங்கே விழும் என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். மரம் எங்கே போகப்போகிறது, அதுவும் நின்றது. அவர் கை பட்ட மரங்கள் அடுத்த பருவத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்தன என்று மைத்துனனே ஒப்புக்கொண்டான்.

ஒரு நாள் அவர் அப்படி ஒரு கிளையைப் பார்த்தபடி வழியில் நின்றார். பின்னால் மனைவி வண்டியை ஓட விட்டபடி காத்திருந்தார். ஹாரன் அடித்தார்.

"இரு, ரெண்டுல எதை எடுக்கிறதுன்னு பார்க்கிறேன்."

மறுபடி ஹாரன்.

"இருன்னு சொல்றேன்ல?"

அந்த அம்மாள் கொஞ்சம் இருந்தார். பிறகு கணவரை ஒதுங்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கியரைப் போட்டார். வண்டி நகர்ந்தது. கிளை ஒன்று படக்கென்று முறிந்து விழுந்தது.

எக்ஸ்ரேக்காரர் குனிந்து அதை எடுத்தார். முறிந்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"இதைத்தான் எடுக்கணும்னு நானும் இருந்தேன்" என்றார். வண்டிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.