பிலிப்பு ராசாவால் நிற்கப் பார்த்த கல்யாணம்

இன்று கிளினிக்கில் எனக்கு ஊசி போட்ட நர்ஸ், "நான் பிலிப்பினோ. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியுமாவா! அந்தப் பெயரால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது!

எழுபதுகளின் கடைசி. யாழ்ப்பாணக் கடற்கரையில் குருநகர். கப்பலில் வேலை பார்த்த அண்ணை, தன்னோடு வேலை செய்த பிலிப்பினோ நண்பர் ரமோனை லீவுக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

வந்தவர் சாரத்தைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தினார். அடுத்த லீவில் வந்து அக்காவைப் பெண் கேட்டார்.

அக்காவுக்குச் சம்மதம். (எங்களுக்கு முதலே தெரியும். நண்டுக் கறியில் பெரிய கால் எல்லாம் ரமோனின் தட்டுக்கே போய்க்கொண்டிருந்தது!)

அப்பாவோ, யாழ்ப்பாணத்தில் பெண் கேட்டு வந்த எவரும் தப்ப முடியாத கேள்வியைக் கேட்டார்.

"ஆக்கள் ஆர்? உந்தப் பிலிப்பினோ எண்ட பேர் எங்காலை வந்தது?"

அண்ணை விளக்கினார். "ஸ்பெயின்காரர் அந்தத் தீவுகளுக்குத் தங்கடை பிலிப்பு ராசான்ரை பேரை வைச்சவை அப்பா. முதல்லை அங்கை பிறந்த ஸ்பெயின்காரரைத்தான் பிலிப்பினோ எண்டவை. பிறகு ஊர்ச்சனம் அதைத் தங்கடை பேராக்கிப் போட்டுது."

அவ்வளவுதான்! அப்பா சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார்.

"நாடு பிடிக்க வந்தவன் வைச்ச பேரைச் சுமக்கிற ஆக்களுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது!"

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ரமோன் பெட்டியை அடுக்கத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. (அக்காவும் பாவம், ரமோன் இனிக் கொண்டுவராத சொக்லேட்டும் பாவம்!)

அப்போது குசினியிலிருந்து அம்மா வந்தார், கையில் அகப்பையோடு.

"இஞ்சாருங்கோ, யுவாம்பிள்ளை! உங்கடை பேர் மட்டும் என்ன, நல்லூர் ராசா வைச்சதோ? இஞ்சை பிடிக்க வந்த போர்த்துக்கேயர் கொண்டந்த பேர்தானே!"

வீடே திகைத்து நின்றது. கல்யாணம் கட்டிய நாள் முதல் புருஷனின் பெயரை வாயால் சொல்லாத மனிசி அவர்!

அப்பா உதறிய சால்வையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மெல்ல, "சுவாமியிட்டைச் சொல்லி ஓலை வாசிக்கச் சொல்லு" என்றார்.

ஞாயிறு பூசையில் சுவாமியார், ஆர் ஆரைக் கட்டப் போகிறார் என்று ஊருக்கு அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசித்தார். மாப்பிள்ளை, ரமோன் குரூஸ். எங்கள் பக்கத்திலும் குரூஸ்மார் இருப்பதால் சனத்துக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை! பக்கத்தில் நின்றவர் அப்பாவின் காதுக்குள் கேட்டார்:

"மாப்பிள்ளை மன்னார்ப் பக்கமோ?"

அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது.

"மன்னாரோ? ராசான்ரை பேர் வைச்ச நாடு ஐசே!"