சத்தத்துக்கு ஒரு சுருள்

ஜாவாவில் குடுஸ் ஊரில் பிறந்தவன் வேப் கடைக்கு வேலைக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? ஊரே கிராம்பு சிகரெட்டில் சோறு தின்கிற ஊர் அது. ஜத்மிகோவின் அம்மா வார்சிதி இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் சிகரெட் சுருட்டியவள். அப்பா சுபர்லான் புகையிலையில் கிராம்பு கலக்கிற பிரிவில் முப்பத்தொரு வருடம் நின்றவர். அவர்கள் பெற்ற பிள்ளை, பேட்டரியில் ஆவி விடுகிற கருவியை விற்கப் போனான்.

"என்ன சுபர்லான், உம்ம பையன் சோத்துப்பானை ஆவியக் காசுக்கு விக்கிறானாமே," என்று பக்கத்து வீட்டு காஸ்தி வாரம் தவறாமல் கேட்பார்.

"ஆமா, உமக்கும் ஒரு பானை சொல்லி வைக்கவா?" என்பார் சுபர்லான். வெளியாளிடம் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார். வீட்டுக்குள் வந்த பிறகுதான் திட்டு.

தொழிலில் ஜத்மிகோ கெட்டிக்காரன், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கடையில் சுருள் கட்டுவது அவன் வேலை. மெல்லிய கம்பியை ஒரு குச்சியில் ஆறு சுற்றுச் சுற்றி, குப்பிக்குள் வைத்துத் திருகி, சுருளின் வயிற்றில் பஞ்சு நுழைத்து, பஞ்சில் திரவம் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் சூட்டில் ஆவி வரும். ஒற்றைச் சுருளை எவனும் கட்டிவிடுவான். அது திரவமும் கொஞ்சமாகத்தான் குடிக்கும், பேட்டரியும் நெடுநேரம் வரும். இரட்டைச் சுருள் அப்படியில்லை. அரைச் சுற்று கூடினாலும் ஒன்று முந்திக்கொண்டு சிவக்கும், மற்றது பராக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். முந்தியது திரவத்தைப் பொரித்து வாயில் துப்பும். ஜத்மிகோ கட்டிய ஜோடி ஒன்றுபோல நடுவிலிருந்து சிவந்து வரும். அதற்காகவே செமாராங்கிலிருந்து பையன்கள் பைக்கில் வருவார்கள்.

போன நோன்பு மாதம் முடிந்த கையோடு சுபர்லானுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "சிகரெட்டை இன்னைக்கே விட்டாத்தான் அடுத்த நோன்பைப் பாப்பீங்க," என்றாள். சுபர்லான் பெரிய மனிதரைப் போலத் தலையாட்டினார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஒன்றைப் பற்ற வைத்தார். என்ன சொல்ல இந்த மனிதரை.

அன்றைக்கே ஜத்மிகோ முடிவு செய்தான். ஊரில் எத்தனையோ பேர் சிகரெட்டை விட்டுத் தன் கடைக்கு வந்திருக்கும்போது, சொந்த அப்பனை மட்டும் இழுக்க முடியாதா?

முதலில் தன் பெருமைக்குரிய இரட்டைச் சுருளையே கட்டிக் கொண்டுபோனான். சுபர்லான் ஒரு இழுப்பு இழுத்தார். அறை முழுக்க மேகம். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார். "சட்டியத் தீய விட்டது யாரு?" என்று அடுக்களையிலிருந்து வார்சிதி ஓடி வந்தாள். தப்புதான். கிழவருடைய நெஞ்சுக்கு அத்தனை ஆவி ஆகாது. மறுநாள் ஒற்றைச் சுருள் கட்டி, காற்று வரும் துளையைச் சிறிதாக்கி, கிராம்பு மணக்கிற திரவம் ஊற்றிக் கொடுத்தான். இருமல் இல்லை. ஒரு வாரம் அதையே கையில் வைத்திருந்தார். வார்சிதி அந்த மகிழ்ச்சியில் எருமைக்கறி போட்டு சோத்தோ சூப் வைத்து, மகனுக்கு இரண்டு கிண்ணம் ஊற்றினாள்.

எட்டாம் நாள் காலை, அப்பா வளர்க்கும் புறாக்களின் கூண்டில் அடித்தட்டைக் கழுவப் போன ஜத்மிகோ அப்படியே நின்றுவிட்டான். எச்சத்துக்கு அடியில் பதினான்கு சிகரெட் துண்டுகள்.

"புறா குடிக்குதாப்பா?" என்றான் தட்டைக் காட்டி.

சுபர்லான் கூண்டைப் பார்த்தாரே தவிர மகனைப் பார்க்கவில்லை. "உன் சாமான் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா வாயே திறக்க மாட்டேங்குது. இழுத்தா உள்ள கிராம்பு வெடிக்கணும், படபடன்னு காதுல விழணும். அம்பது வருஷமா அதக் கேட்டுட்டேன். சத்தம் இல்லாம இழுத்தா, இழுத்த மாதிரியே இல்ல."

ஜத்மிகோவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் கடைக்குப் போகும் வழியில் யோசித்தான். சத்தம்தானே வேண்டும்? சத்தம் போடாமல் கட்டத்தானே இத்தனை வருடம் பாடுபட்டோம்!

மறுபடி இரட்டைச் சுருள். இந்த முறை ஒன்று ஆவிக்கு, ஒன்று சத்தத்துக்கு. முதலாவதை மெல்லிய ஆவி வருகிற மாதிரி ஒழுங்காகக் கட்டினான். இரண்டாவதைக் கோணலாகக் கட்டி, பஞ்சைக் குறைத்து, முந்திச் சூடாகிப் பொரிய விட வேண்டும். கேட்க எளிது. கைதான் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் விரல் தன்னாலே சுற்றை நேராக்கிவிட்டது. ஆறு சுருளை வீணாக்கி, ஏழாவதை இடது கையால் சுற்றி, திரவம் வாயில் தெறிக்காமலிருக்க நடுவில் ஒரு கம்பிவலையும் வைத்தான். பொத்தானை அழுத்தினான். படபடவென்று பொரிந்தது. அவன் வாழ்க்கையில் கட்டிய மோசமான சுருள் அதுதான். அதைப் பார்க்க அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

சுபர்லான் இழுத்தார். காதைச் சாய்த்தார். "இதான்டா," என்றார்.

பன்னிரண்டு நாள் கூண்டின் தட்டு சுத்தமாக இருந்தது. காஸ்தி நீட்டிய சிகரெட்டைக்கூட, "எம் பையன் செஞ்சது பேசுதுய்யா, உம்மது என்ன பேசும்," என்று தள்ளிவிட்டார். ஜத்மிகோ தினமும் பஞ்சு மாற்றினான். அப்பாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவன் நிஜமாகவே நம்பினான்.

பதின்மூன்றாம் நாள் அவர் உதடு நீலமாகிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். டாக்டரம்மா ஜத்மிகோவைத் தனியே கூப்பிட்டாள்.

"சிகரெட்ட நிறுத்திட்டாரு டாக்டர். ஒண்ணுகூடத் தொடல."

"அதுக்குப் பதிலா?"

அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "இந்த நுரையீரலுக்கு இதுவும் பாரந்தான் தம்பி. ஆனா நீங்க இதக் குடுத்தாலும் குடுக்காட்டியும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காது. எல்லாம் முன்னாடியே போயிருச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அதைக் கேட்டு அவன் ஆறுதல் அடைவதா, அடித்துக்கொள்வதா? அவனுக்குத் தெரியவில்லை. வண்டியில் வரும்போது அப்பாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தான். அதைத் தவிர அவன் கையால் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அஸர் தொழுகைக்கு அழைப்பு முடிந்த நேரம், சுபர்லான் கையை நீட்டினார். "அத எடு."

"டாக்டர் வேணாம்னாங்கப்பா."

"இழுக்க எங்கடா மூச்சு இருக்கு? எடு."

ஜத்மிகோ ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கொடுத்தான். அவர் அதை வாயில் வைக்கவில்லை. காதோரம் பிடித்துப் பொத்தானை அழுத்தினார். படபடவென்று பொரிந்தது. ஆவி மெல்ல ஜன்னல் பக்கம் போனது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், விட்டு விட்டு அழுத்தினார். அடுக்களை வாசலில் நின்ற வார்சிதி முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிப்போனது.

"என்னடா ஆச்சு?"

"பேட்டரி தீந்துபோச்சுப்பா. ரெட்டச் சுருள் சீக்கிரம் குடிச்சுரும்."

"ஒத்தச் சுருள்னா ரொம்ப நேரம் வரும்னியே."

"வரும்ப்பா. கட்டித் தரட்டுமா?"

அவர் இரண்டு மூன்று மூச்சு எடுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "வேணாம். கொஞ்ச நேரம் வந்தாலும் இதுவே இருக்கட்டும்."

ஜத்மிகோ வேறு பேட்டரி போட்டு அப்பாவின் கையில் வைத்தான். அவருடைய கட்டைவிரல் பொத்தானைத் தேடி அதன்மேல் வந்து நின்றது, அழுத்தத் தெம்பில்லை. அவன் தன் விரலை அதன்மேல் வைத்து அழுத்தினான்.