விபூதிக்கு ஓலை இல்லை

போன கிழமை எங்கள் கோயிலில் ஒரு கூத்து நடந்தது.

விபூதிப் புதன் வருகிறது. தவக்காலத்தின் முதல் நாள். அன்று பூசுகிற சாம்பலைக் கடையில் வாங்க முடியாது. முந்தைய வருடம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைச் சிலுவைகள் இருக்கின்றனவே — வீட்டு நிலைக்கு மேலே காய்ந்து கிடப்பவை — அவற்றைத் திரும்பச் சேர்த்து எரித்துத்தான் எடுக்க வேண்டும். காலங்காலமாக இதுதான் வழக்கம்.

ஃபாதர் வழக்கம்போல அறிவித்தார். பங்குச் சபைச் செயலாளர் என்ற பாவத்துக்கு நானும் வழக்கம்போல வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். "எல்லாரும் போன வருஷத்து ஓலையக் கொண்டு வந்து தாங்க." எல்லாரும் வழக்கம்போல கைகூப்பும் படம் போட்டார்கள்.

ஓலைதான் வரவில்லை. ஒன்றுகூட.

திங்கட்கிழமை கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, பாடகர் குழுவில் பாடும் ஒரு அக்கா மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கேட்டார். "ஏன் தம்பி, போன வருஷம் எங்க ஓலை தந்தீங்க? ஊரடங்கில கோயில் பூட்டித்தானே கிடந்த?"

கையிலிருந்த மீன் பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

உண்மைதானே! போன வருடம் கோயிலில் குருத்தோலை ஞாயிறே நடக்கவில்லை. ஃபாதருக்கு ஞாபகமில்லை, எனக்கு ஞாபகமில்லை, கைகூப்பிய எவருக்கும் ஞாபகமில்லை. எப்படி மறந்தோம்? உயிர்த்த ஞாயிறைக் கைபேசியில் பார்த்தோம். கிறிஸ்மஸுக்கு ஊரையே மூடியிருந்தார்கள். கரோல் போகவில்லை, பாலன் குடில் கட்டவில்லை, கேக்கை ஆருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. நடக்காத திருநாட்களையெல்லாம் நடந்ததாகவே மனம் எழுதிக்கொண்டு போயிருக்கிறது. அவ்வளவு களைப்பு எங்களுக்கு.

பழைய சாம்பல் மிச்சம் வைத்த டப்பா ஒன்று பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் இருந்தது. கோயில் பூட்டிக் கிடந்த மாதங்களில் கூரை ஒழுகி, அது சேறாகிவிட்டது. பக்கத்துப் பங்குக் கோயில்களுக்குப் போன் எடுத்தேன். "நாங்களே உங்களிட்ட கேப்பமெண்டு இருந்தம்" என்றார்கள்.

அப்போதுதான் எமில்டா அக்காவின் வீடு ஞாபகம் வந்தது.

எமில்டா அக்காவின் கணவர் சூசையண்ணன்தான் வருடா வருடம் கோயிலுக்குக் குருத்து வெட்டித் தருகிறவர். அந்தக் குருத்து வருவது மதிலுக்கு அப்பாலிருந்து, சுபைதா ராத்தாவின் வளவிலிருந்து. குருத்தை வெட்டினால் தென்னைக்கு ஆகாது. எவரும் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். சுபைதா ராத்தா ஒருநாளும் மறுத்ததில்லை. ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு நாங்களும் முஸ்லிம்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிய அந்த மாதங்களிலும், சூசையண்ணன் மதிலுக்கு மேலால் கதைப்பதை நிறுத்தவில்லை.

போன வருட ஊரடங்கில், குருத்தோலை ஞாயிறன்று, நாங்கள் எல்லாரும் வெறுங்கையோடு கைபேசிக்கு முன்னால் முழங்காலில் இருந்தோம். சூசையண்ணன் மட்டும் மதிலில் ஏறி, கொக்கத்தடியால் ஒரு குருத்தை இழுத்து, தானே சிலுவை பின்னி, அதைக் கைபேசிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பூசை கண்டார். பிறகு நிலைக்கு மேலே செருகி வைத்தார்.

மார்கழியில் அவருக்குக் கொரோனா. அம்புலன்ஸில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. எங்கோ ஓர் ஊரில் எரித்துவிட்டார்கள். கொரோனாவில் இறந்தால் எரிக்கத்தான் வேண்டும் என்பது இப்போதைய சட்டம். முஸ்லிம்களைப் போலவே நாங்களும் மண்ணில் அடக்குகிற ஆட்கள்தான். யார் கேட்டார்கள்?

செவ்வாய் காலை போனேன். நிலைக்கு மேலே அந்த ஓலை — காய்ந்து, பழுப்பேறி. அதைக் கண்டதும் 'அப்பாடா' என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அக்கா, அந்த ஓலைய…" என்று இழுத்தேன்.

எமில்டா அக்கா அதை எடுத்து, சேலைத் தலைப்பால் தூசி துடைத்தார். என்னிடம் தரவில்லை.

"விபூதிக்கா தம்பி?"

"ஓம் அக்கா."

"எரிக்கிறத்துக்கு."

"ஓம்…"

"அவரத்தான் எரிச்சிட்டாங்களே. இதையும் எரிக்கணுமா?"

அவர் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனார். "குழி எண்டு ஒண்டு இல்ல தம்பி. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி கொண்டு போவாங்க. நான் எங்க போற? அவர்ர கை பட்டதெண்டு இதுதான் இரிக்கி. தர ஏலா தம்பி. கோவிக்காதீங்க."

கோபமா? எனக்கு அழுகைதான் வந்தது.

மதிலுக்கு அப்பால் தலை தெரிந்தது. சுபைதா ராத்தா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"தம்பி, அதக் கேக்காதீங்க. எங்கட காக்கா, என்னோட கூடப் பொறந்தவர், கொரோனாவில மௌத்தாகி, அவரையும் நெருப்பிலதான் போட்ட. எங்களுக்குத் தெரியும் அந்த வேதன." பிறகு தென்னையைக் காட்டினார். "தென்னோலதானே வேணும்? இந்த மரத்திலயே காஞ்ச ஓல தொங்குது. சூசையண்ணன் வெட்டுற மரந்தான். கொண்டு போங்க."

ஃபாதருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "ஆனா இது மந்திரிக்காத ஓலை, ஃபாதர்" என்றும் சேர்த்துக்கொண்டேன். செயலாளர் புத்தி!

ஃபாதர் சொன்னார். "கொண்டு வாங்க. மந்திரிக்கிறது என்ட வேலைதானே."

புதன் பின்னேரம் பூசை. வாங்குப் பலகைக்கு இருவர் வீதம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். இந்த வருடம் புது ஒழுங்கு: நெற்றியில் விரலால் பூசக் கூடாது, தலையில் தூவ வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வசனம் சொல்லவும் கூடாது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு தடவைதான்.

அதற்கு இரண்டு வசனங்கள் உண்டு. ஒன்று, மனந்திரும்பச் சொல்வது. மற்றது, மண்ணிலிருந்து வந்த நீ மண்ணுக்கே போவாய் என்று நினைவூட்டுவது. எங்கள் ஃபாதருக்குப் பிடித்தது இரண்டாவது. அன்று அவர் முன்வரிசையை ஒரு தடவை பார்த்தார். எமில்டா அக்கா அந்த ஓலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஃபாதர் முதலாவது வசனத்தைச் சொல்லிவிட்டுச் சாம்பல் கிண்ணத்தை எடுத்தார். ஏன் என்று எங்களுக்கு விளங்கியது. நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் பேசாமல் போய்த் தலை குனிந்து திரும்பினோம். எமில்டா அக்கா கடைசியாக எழுந்து போனார். ஃபாதர் கையைத் தூக்கினார். அக்கா தலை குனியவில்லை.

"மற்றதச் சொல்லுங்க ஃபாதர்."

ஃபாதர் திகைத்தார்.

"மண்ணுக்குப் போறதச் சொல்லுங்க. எனக்கெண்டாலும் அது கிடைக்கட்டும்."

ஃபாதர் மாஸ்க்குக்குள்ளிருந்து, ஒழுங்கை மீறி, அவருக்காக மட்டும் அந்த வசனத்தைச் சொன்னார். சுபைதா ராத்தா வீட்டு ஓலையின் சாம்பல் நரைத்த தலையில் விழுந்தது. அக்கா ஓலைச் சிலுவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் இருந்தார்.

சின்ன வயதிலிருந்து அந்த வசனம் என்னைப் பயமுறுத்தத்தான் சொல்லப்படுகிறது என்று நினைத்திருந்தேன். மண்ணுக்குப் போவதையும் ஒரு மனுஷி கேட்டு வாங்க வேண்டிய காலம் வரும் என்று யார் கண்டது?