ஒரே ரோட்டுக்கு ஒரு வண்டி

யுத்த காலத்தில் நான் கண்டிக்கு அருகே கெலிஓயாவில் வாடகைக்கு இருந்தேன். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கண்டி அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் சோதனைச் சாவடியில் என்னைத் தனியாக நிறுத்திவிடுவார்கள்.

ஒருநாள், அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு நஸீர் நானா காரை நிறுத்தினார். "நானும் கண்டிக்குத்தான் தம்பி. ஒரே ரோட்டுல ரெண்டு வண்டி எதுக்கு? பெட்ரோலும் வீண், புகையும் வீண். ஏறுங்க."

அன்றிலிருந்து அவரோடுதான் போனேன். சாவடியில் அவர் சிங்களத்தில் சிரித்துப் பேசுவார், விட்டுவிடுவார்கள். வழியில் அவர் வாங்கும், மீன் அடைத்த பணிஸ் ரொட்டியில் பாதி எனக்கு.

காய்ச்சலில் நான் லீவு போட்டிருந்தபோது அவர் மனைவி கஞ்சி கொண்டுவந்தார்.

"நானா கண்டிக்குப் போயிட்டாரோ?" என்று கேட்டேன்.

"கண்டிக்கா? அவருட கட கம்பளையிலதானே. நீங்க போகாத நாள்ல அவருக்கு கண்டியில என்ன வேல?"

கம்பளை நேரெதிர்த் திசை. தினமும் என்னை இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறார்.

மறுநாள் ஒன்றும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

"ரெண்டு வண்டி எதுக்கு, என்ன தம்பி?"

"ஓம் நானா."

இன்று என் காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். புகை குறைகிறது, நல்லதுதான். ஆனாலும் எனக்காக அவர் வீணாக்கிய பெட்ரோலை நினைக்காமல் ஒருநாளும் சாவியைத் திருப்பியதில்லை.